கதை நியூயோர்க்கில், கமெரா ரொறன்ரோவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோ நகர மையத்தில் நடந்து போகும்போது வீதியோரம் நியூயோர்க் பொலிஸ் கார்கள் வரிசையாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் மஞ்சள் டக்ஸி, தூணில் அமெரிக்கக் கொடி, கொஞ்சம் தள்ளி வெள்ளை ட்ரக் வண்டிகள். கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துத் திகைத்துப் போவதும், பிறகு "இங்கே வைத்து எடுத்து அங்கே என்று காட்டுகிறார்களா?" என்று கேட்பதும் வழக்கம். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். ரொறன்ரோ, வன்கூவர் பற்றித்தான் அதிகம் இருக்கும். வேறு ஊராக நிற்பதில் பழம் தின்று கொட்டை போட்ட நகரங்கள் இவை இரண்டும்.

நியூயோர்க் கதையை நியூயோர்க்கிலேயே எடுத்தால் என்ன?

எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் கணக்குப் பார்த்தால் பல தொடர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு அமெரிக்க நிறுவனம் ரொறன்ரோவில் வசிக்கும் தச்சர் ஒருவருக்கு 100 டொலர் சம்பளம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்ராறியோ மாகாணம் அதில் 21.5 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும். மிச்சம் 78 டொலர் 50 சதம். அதில் 16 சதவீதத்தை ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு கொடுக்கும். அது 12 டொலர் 56 சதம். இரண்டையும் கூட்டினால் 34 டொலருக்குக் கொஞ்சம் மேல். தச்சருக்குப் பேசிய சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. கொடுத்தவருக்குச் செலவு 66 டொலர்தான்.

தச்சரோடு நிற்காது. விளக்குப் பிடிப்பவர், உடை தைப்பவர், ட்ரக் ஓட்டுநர், கணக்காளர், ஒப்பனைக் கலைஞர் என்று ஒரு தொடருக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு மணிநேரத் தொடரின் ஒரே எபிசோடை எடுக்க ஏறத்தாழ 8 வேலை நாட்கள் பிடிக்கும். மேலே சொன்ன கணக்கை அத்தனை பேருக்கும், அத்தனை நாளுக்கும், ஆண்டுக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள்.

"வரிச் சலுகை" என்ற பெயரால் ஒரு குழப்பம் வருகிறது. கட்டவேண்டிய வரியில் கழித்து விடுவார்கள் என்று நினைப்போம். நிறுவனம் வரியே கட்ட வேண்டியதில்லை என்றாலும் இந்தத் தொகை காசாகவே வந்து சேரும். அதனால் வரவேண்டிய சலுகையைக் காட்டி வங்கியில் முன்கூட்டியே கடனும் வாங்கிவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் அப்படிச் சலுகை இல்லையா?

தாராளமாக இருக்கிறது. நியூயோர்க் மாநிலம் 2023இல் தன் திட்டத்தை ஆண்டுக்கு 70 கோடி டொலராக உயர்த்தியது. கலிபோர்னியா ஆண்டுக்கு 33 கோடியில் இருந்ததை 2025இல் 75 கோடி ஆக்கியது. ஜோர்ஜியாவில் 2008 முதல் 20 சதவீதம் உண்டு. தொடரின் முடிவில் அந்த மாநிலத்தின் பீச் பழச் சின்னத்தைக் காட்டினால் இன்னும் 10 சதவீதம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் இந்தியானா கிராமம் உண்மையில் ஜோர்ஜியாவில் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

வித்தியாசம் எங்கே என்றால், கலிபோர்னியாவில் மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டும். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கனடாவில் தகுதி இருந்தால் கிடைத்தே தீரும், ஆண்டு வரம்பு கிடையாது. ஐந்து ஆண்டு ஓடக்கூடிய ஒரு தொடருக்குத் திட்டம் போடுகிறவருக்கு, சலுகை எத்தனை சதவீதம் என்பதைவிட அது நிச்சயமாக வருமா என்பதே பெரிது. தயாரிப்பாளர்கள் கனடாவுக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த நிச்சயமே முதல் காரணம் என்பது என் கருத்து.

கனேடிய டொலர் மலிவு என்பதால்தான் வருகிறார்கள் என்கிறார்களே?

அதுவும் உதவுகிறது, ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் வருவதில்லை. 2002 ஜனவரியில் ஒரு கனேடிய டொலரின் மதிப்பு 62 அமெரிக்க சதத்துக்கு இறங்கியது. அப்போது கூட்டம் அலைமோதியது உண்மை. 2007 இறுதியில் கனேடிய டொலர் அமெரிக்க டொலரைத் தாண்டிப் போனது. தொழில் அடி வாங்கியது, ஆனால் இங்கிருந்து போய்விடவில்லை. அதற்குள் ஸ்டூடியோக்களும் அனுபவசாலிகளும் வேரூன்றிவிட்டார்கள்.

இது எப்போது, எங்கே தொடங்கியது?

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை வன்கூவரில் என்று சொல்லலாம். 1987இல் '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' தொடர் அங்கே எடுக்கப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸுக்கும் வன்கூவருக்கும் ஒரே நேரம். விமானத்தில் மூன்று மணிநேரத்துக்கும் குறைவு. காலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகத்தில் இருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தால் வன்கூவரிலும் காலைதான். அன்றாட வேலைக்கு இது எவ்வளவு வசதி என்பது வேறு நாடுகளோடு சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு விளங்கும்.

நகரத்தை உலகறியச் செய்தது 1993இல் வந்த 'எக்ஸ்-ஃபைல்ஸ்'. அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் இரண்டு அதிகாரிகள் மர்ம வழக்குகளைத் தேடி நாடெங்கும் போகும் கதை. முதல் எபிசோடுக்கு அடர்ந்த காடு தேவைப்பட்டது. லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அப்படி ஒரு காடு இல்லை. வன்கூவருக்கு வந்தார்கள், ஐந்து சீசன் அங்கேயே இருந்துவிட்டார்கள். முகில் மூடிய வானமும் நனைந்த காடும் தொடரின் முகமாகவே ஆகிவிட்டன. முகில் மூடியிருந்தால் வேலைக்கும் நல்லது: வெயில் இடம் மாறி நிழல் நீளாததால் காலையில் எடுத்த காட்சியும் மாலையில் எடுத்த காட்சியும் ஒட்டிப் போகும்.

ஆனால் கதை வாராவாரம் வேறு மாநிலத்துக்குப் போகும். இரண்டாம் சீசனின் முடிவில், 1995இல், நியூமெக்சிகோ பாலைவனம் வேண்டும் என்று கதை கேட்டது. மழைக்காட்டு நகரத்தில் செம்மண் பாலைவனத்துக்கு எங்கே போவது? பக்கத்தில் ஒரு கல்லுடைக்கும் குவாரியைப் பிடித்து, 1,600 கேலன் சிவப்புப் பெயின்ட் அடித்து, அதையே பாலைவனமாக்கிக் காட்டினார்கள். திரையில் அந்தக் காட்சியைப் பார்த்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாறை பாறையாக நின்று பெயின்ட் அடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தத் தொடரில் மிகப் பிடித்த வேலை அவர்களுடையதுதான்.

கனடாவின் மத்திய அரசு இப்போதைய சம்பளச் சலுகையைக் கொண்டுவந்தது 1997இல். அதாவது காடும் மழையும் முதலில் ஆட்களை அழைத்தன, சட்டம் பின்னால் வந்தது.

அப்படியானால் பணம் மட்டும் காரணமில்லை?

இல்லை. சில கதைகளுக்கு அந்த ஊரே இப்போது இல்லை. ஊர் இருக்கும், கதை நடந்த காலத்து ஊர் இருக்காது.

'செர்னோபில்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் அணு உலை வெடித்தபோது அருகிலிருந்த பிரிப்பியாட் நகரத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று அந்த நகரம் காடேறிப் போய்க் கிடக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடும் பழைய பிரிப்பியாட்டை அங்கே போய் எடுக்க முடியாது. லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் ஃபாபியோனிஷ்கேஸ் என்ற குடியிருப்புப் பகுதி இருக்கிறது. சோவியத் காலத்தில் கட்டிய அடுக்குமாடிகள், அப்படியே பிரிப்பியாட் மாதிரி. அணு உலைக்கு இக்னாலினா என்ற மின்நிலையத்துக்குப் போனார்கள். செர்னோபிலில் இருந்தது எந்த வகை உலையோ அதே வகை உலை அங்கே இருந்தது. அதன் கடைசி அலகு 2009இல் மூடப்பட்டுவிட்டது. இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்? லிதுவேனியாவில் வரிச் சலுகையும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

இங்கிலாந்தின் 'பீக்கி பிளைண்டர்ஸ்' முதல் உலகப்போருக்குப் பிந்தைய பர்மிங்காம் கதை. அந்தக் காலத்துப் பர்மிங்காம் தொழிலாளர் வீதிகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். ஆகவே லிவர்பூலில் பொவிஸ் வீதியின் செங்கல் வீடுகளையும், டட்லியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தையும் பயன்படுத்தினார்கள்.

எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கமான உதாரணம் 'இந்தியன் சம்மர்ஸ்'. 1932இல் பிரிட்டிஷ்காரர் கோடைகாலத்தில் ஆட்சி நடத்திய சிம்லாவில் நடக்கும் கதை. பிரிட்டனின் சனல் 4 அதை 2015இல் ஒளிபரப்பியது. படப்பிடிப்பு நடந்தது மலேசியாவின் பினாங்கில். இன்றைய சிம்லாவில் மலைச்சரிவு முழுக்கக் கொங்கிரீட் கட்டடங்கள். பழைய காலத்தைக் காட்டக் கமெராவைத் திருப்ப இடமில்லை. பினாங்கு மலையில் பிரிட்டிஷ் காலத்துப் பங்களாக்கள் இருந்தன, கீழே ஜோர்ஜ் டவுனின் பழைய வீதிகள் இருந்தன. இந்திய முகங்களும் இருந்தன: பினாங்கில் தலைமுறைகளாக வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இமயமலைக் கடைத்தெருவைக் காட்ட மலேசியாவுக்குப் போனார்கள் என்று கேட்டால் வேடிக்கையாகத் தோன்றும். எது இருக்கிறது, எது அழிந்துபோனது என்று பார்த்தால் அது நியாயமான முடிவு.

சில நேரம் ஊர் அதேதான், வீதி மட்டும் மாறும். 'ஷெர்லொக்' தொடரில் லண்டன் பேக்கர் வீதி என்று காட்டியது நோர்த் கவர் வீதியை. உண்மையான பேக்கர் வீதியில் வாகன நெரிசல். போதாக்குறைக்கு ஹோம்ஸ் பெயர் சொல்லும் கடைப் பலகைகளும்.

ரொறன்ரோவை எப்படி நியூயோர்க் ஆக்குகிறார்கள்?

வீதிமட்டத்தில் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்களால். கனேடியத் தபால்பெட்டி சிவப்பு, அமெரிக்கத் தபால்பெட்டி நீலம். ஆகவே சிவப்பை மறைத்து நீலத்தை வைக்க வேண்டும். கார்களின் இலக்கத்தகடுகளை மாற்ற வேண்டும். கிலோமீற்றரில் எழுதிய வேகப் பலகைக்கு முன்னால் ஒரு வண்டியை நிறுத்த வேண்டும். வங்கிப் பெயர்ப்பலகைகள் பெரிய தலையிடி, ஒவ்வொரு சந்தியிலும் ஒரு கனேடிய வங்கி இருக்கும். நடைபாதையோரம் கறுப்புக் குப்பைப் பைகளைக் குவித்தால் பாதி நியூயோர்க் வந்துவிடும்.

மறைக்க முடியாதது ஸ்ட்ரீட்கார். தண்டவாளமும் மேலே வலைபோல் ஓடும் மின்கம்பியும் நகர மையத்தின் முக்கிய வீதிகள் பலவற்றில் உண்டு, நியூயோர்க்கில் கிடையாது. தெரிந்த கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். அதனால் கமெரா ஓரத்து வீதிகளையே நாடிப் போகும்.

சுரங்க ரயில் காட்சிக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. பே சப்வே நிலையத்தின் கீழே இன்னொரு மேடை உண்டு. 1966இல் ஆறு மாதம் மட்டும் பயணிகள் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த ரயில் பாதை ஏற்பாடு சரிவராமல் போக, மேடையை மூடிவிட்டார்கள். ஆனால் தண்டவாளத்தில் இன்றும் மின்சாரம் ஓடுகிறது, ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தலாம், பயணிகள் தொல்லை இல்லை. சுவரிலும் தூணிலும் நியூயோர்க் நிலையப் பெயரை ஒட்டி, பெட்டிகளின் அடையாளத்தை மாற்றினால் வேலை முடிந்தது. நகரத்தின் பழைய கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் 'டோர்ஸ் ஓப்பன்' நாட்களில் சில ஆண்டுகள் இந்த மேடையையும் திறந்திருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

'சூட்ஸ்' தொடரின் வழக்கறிஞர் அலுவலகம் மன்ஹாட்டனில் இருப்பதாகக் கதை. முதல் எபிசோடை நியூயோர்க்கில் எடுத்துவிட்டு, பிறகு ஒன்பது சீசனும் ரொறன்ரோவில்தான். அவர்கள் நுழைந்து போகும் பளிங்கு முகப்பு பே அடலெய்ட் சென்டருடையது; வேலைக்குப் போகும் எங்கள் ஆட்கள் பலர் அதைத் தினமும் கடக்கிறார்கள். 'த போய்ஸ்' தொடரில் வானுயர்ந்து நிற்கும் வொட் கோபுரத்தின் அடிப்பாகம் ரோய் தொம்சன் ஹோல் என்ற எங்கள் இசையரங்கம்; மேலே உள்ளதெல்லாம் கணினி வேலை. 'த ஹாண்ட்மெய்ட்ஸ் டேல்' கதை மசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜை மையமாகக் கொண்டது. அதன் பல காட்சிகள் ஒன்ராறியோவில் உள்ள இன்னொரு கேம்பிரிட்ஜில், ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டன.

வன்கூவர் பக்கம் போனால், 'த குட் டொக்டர்' தொடரின் கலிபோர்னிய மருத்துவமனை சரே நகரசபைக் கட்டடம்.

வானத்தில் இருந்து நகரத்தைக் காட்டும் காட்சிகளுக்கு மட்டும் சிறு குழு உண்மையான நியூயோர்க்குக்குப் போய்வரும். உள்ளே நடப்பதெல்லாம் ஸ்டூடியோ செட். ஸ்டூடியோவுக்குள் போய்விட்டால் எந்த நகரம் என்ற கேள்விக்கே இடமில்லை. நியூயோர்க் நண்பர்களின் கதையான 'ஃப்ரெண்ட்ஸ்' ஏறத்தாழ முழுக்க கலிபோர்னியாவின் பேர்பேங்கில் எடுக்கப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்ததுதான்.

கதையையே ரொறன்ரோவில் நடப்பதாக மாற்றிவிட்டால் என்ன?

மாற்றியவர்கள் உண்டு. 'பிரேக்கிங் பாட்' முதலில் கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரத்துக்காக எழுதப்பட்டது. நியூமெக்சிகோ மாநிலம் 25 சதவீதம் திருப்பிக் கொடுத்ததால் ஆல்புகர்க்கிக்குப் போனார்கள். போன இடத்தில், ரிவர்சைட் என்று பொய் சொல்லாமல் கதையையே ஆல்புகர்க்கிக் கதையாக்கினார்கள். அந்தப் பாலைவன வெளிச்சமும் பரந்த வானமும் இல்லாமல் அந்தத் தொடரை இன்று நினைத்துப் பார்க்க முடிகிறதா? பணத்துக்காகப் போன ஊரை மதித்து நடந்தால் கதைக்கும் நல்லது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ரொறன்ரோவுக்கு அந்த மரியாதையை அமெரிக்க நிறுவனங்கள் அதிகம் கொடுப்பதில்லை. அமெரிக்கப் பார்வையாளருக்கு அமெரிக்க ஊர்தான் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சட்டம், பொலிஸ், மருத்துவமனை பற்றிய தொடர்களில் நாடு மாறினால் கதையின் விதிகளும் மாறிவிடும் என்பதும் உண்மை.

ரொறன்ரோவை ரொறன்ரோவாகவே காட்டும் தொடர்கள் கனேடியர்கள் எடுப்பவை. கொரியக் குடும்பத்தின் கடையைச் சுற்றி நடந்த 'கிம்ஸ் கொன்வீனியன்ஸ்' (2016–2021) அப்படி ஒன்று. கனேடியத் தயாரிப்பு என்று சான்று பெற்றால் மத்திய அரசின் சலுகை 16 சதவீதத்தில் இருந்து 25 ஆக உயரும். அதற்கு இயக்குநர், எழுத்தாளர், முதன்மை நடிகர் போன்ற பொறுப்புகளில் கனேடியர் இருப்பதற்கு 10க்கு 6 புள்ளியாவது பெற வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் எழுத, இயக்க, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவை ஸ்காபரோவாகவே காட்டும் தொடர்கள் நிறைய வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை. அதற்கான பணவழி இதில் இருக்கிறது.

பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா?

ஒரு கட்டடத்துக்குப் பதிலாக இன்னொரு கட்டடம் நிற்பதை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நாடகம் பார்க்கும்போது மேடைக்குப் பின்னால் உண்மையான அரண்மனை இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

ஒரு ஊர் மக்களையே வேறு ஊரில் வைத்துக் காட்டும்போது விஷயம் வேறு. 'ஹோம்லாண்ட்' என்ற உளவுத் தொடரின் வரலாறு இதற்குப் பாடநூல் மாதிரி. 2012இல் அதில் பெய்ரூட்டின் ஹம்ரா வீதியை ஆயுததாரிகள் திரியும் இடமாகக் காட்டினார்கள். ஹம்ரா உண்மையில் கஃபேக்களும் கடைகளும் நிறைந்த வீதி. காட்சி எடுக்கப்பட்டது இஸ்ரேலில். லெபனானின் சுற்றுலா அமைச்சர் வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தார். 2014இல் இஸ்லாமாபாத்தைத் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் எடுத்தார்கள். எங்கள் நகரம் இப்படி இல்லை என்று பாகிஸ்தான் தரப்பில் இருந்து முறைப்பாடு வந்தது.

அடுத்த ஆண்டு பெர்லினில் நடந்தது இன்னும் ஆழமானது. சிரிய அகதி முகாம் ஒன்றின் செட்டைப் பெர்லினில் போட்டார்கள். சுவர்கள் உண்மையாகத் தெரிவதற்காக அரபு மொழியில் கிறுக்க ஓவியர்கள் சிலரை அமர்த்தினார்கள். அந்த ஓவியர்களுக்குத் தொடர் தங்கள் மக்களைக் காட்டும் விதத்தில் கடும் கோபம். "ஹோம்லாண்ட் இனவாதத் தொடர்" என்றே அரபியில் எழுதினார்கள். செட்டில் இருந்த ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. 2015 ஒக்டோபரில் அது அப்படியே ஒளிபரப்பானது.

எங்கோ ஓர் அகதி முகாம் செட்டாக எழும்பும்போது அந்தச் சுவரை வாசிக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும், சுவருக்கு மட்டும் இல்லாமல் கதைக்கும் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். முகாமில் இருந்து வந்தவர்கள் நிறைந்த எங்கள் சமூகத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் தொடர் திடீரென்று நகரம் மாறுவது ஏன்?

நடிகர்களின் குடும்பக் காரணம், அல்லது சலுகை. 'எக்ஸ்-ஃபைல்ஸ்' 1998இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனதற்கு முதன்மை நடிகர் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்ய விரும்பியது காரணம். அதற்குப் பிறகு தொடரில் வெயில் அதிகமாகிவிட்டதை ரசிகர்கள் உடனே கவனித்தார்கள். வொஷிங்டன் அரசியல் நகைச்சுவையான 'வீப்' நான்கு சீசன் பால்டிமோரில் இருந்துவிட்டு, கலிபோர்னியா சலுகை கொடுத்ததும் அங்கே போய்விட்டது.

இப்படி வரிப்பணத்தைக் கொடுப்பது நியாயமா?

இதில் எனக்கு இரண்டு மனம்.

சம்பளத்தின் மேல் கொடுக்கும் சலுகையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: இங்கே வசிக்கும் ஒருவருக்குச் சம்பளம் போன பிறகுதான் அரசின் காசு வெளியே வரும். 2021இல் ரொறன்ரோவில் படத்துறை செய்த நேரடிச் செலவு 250 கோடி டொலர். அது மரக்கடைக்கும் உணவு வழங்குவோருக்கும் ஹொட்டேலுக்கும் போயிருக்கிறது.

ஆனால் போட்டிக்கு முடிவில்லை. வன்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2025 தொடக்கத்தில் தன் சலுகையை 28இல் இருந்து 36 சதவீதமாக உயர்த்தியது. கலிபோர்னியா சில மாதத்தில் பதிலடி கொடுத்தது. நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2014இல் 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' தயாரிப்பாளர்கள், சலுகையை உயர்த்தாவிட்டால் செட்டைக் கழற்றிக்கொண்டு வேறு மாநிலம் போய்விடுவோம் என்று மேரிலாண்ட் ஆளுநருக்குக் கடிதமே எழுதினார்கள். மிச்சிகன் 2008இல் 42 சதவீதம் வரை அள்ளிக் கொடுத்தது. செலவு தாங்காமல் 2015இல் முடிவு கட்டியது. சலுகை நின்றதும் படங்களும் போய்விட்டன.

சலுகை கொடுக்கும் அரசு, பயிற்சிக்கும் ஸ்டூடியோவுக்கும் நிரந்தரமான வேலைகளுக்கும் அதில் இடம் கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ரொறன்ரோவிலும் வன்கூவரிலும் தொழில் நிலைத்ததற்குக் காரணம், நாற்பது ஆண்டாக இங்கேயே வேலை பழகிய ஆட்கள். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வாரத்தில் மன்ஹாட்டன் சமையலறையைக் கட்டித் தருகிறவர்கள் அவர்கள்.

அந்த வேலை நிரந்தரமா? பிள்ளைகளை அனுப்பலாமா?

சம்பளம் நல்லது, தொழிற்சங்கம் பலமானது, நாளுக்கு 12 மணிநேரம் சாதாரணம். நிரந்தரம் என்று சொல்ல மாட்டேன். 2023 மே மாதம் அமெரிக்க எழுத்தாளர்களும் ஜூலையில் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தப் பிணக்கில் எந்தப் பங்கும் இல்லாத ரொறன்ரோ தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள். நடிகர்களின் வேலைநிறுத்தம் நவம்பரில்தான் முடிந்தது. முடிவு எடுக்கும் இடம் லொஸ் ஏஞ்சல்ஸ், வேலை இழக்கும் இடம் இங்கே. இதைத் தெரிந்துகொண்டு, மின்வேலை, தச்சு, கணக்கியல் போல வெளியிலும் செல்லுபடியாகும் ஒரு தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

வெளிநாட்டில் எடுத்த படங்களுக்கு அமெரிக்கா வரி போடும் என்றார்களே?

2025 மே மாதம் அதிபர் டிரம்ப் 100 சதவீத வரி என்று அறிவித்தார். படம் கப்பலில் வந்து இறங்கும் சரக்கு அல்ல. பாதி இங்கே, பாதி அங்கே எடுத்த தொடரில் எதற்கு வரி, எப்படிக் கணக்கிடுவது என்பது பெரிய சிக்கல். அமெரிக்கத் தொழிலாளர்களின் கவலை மட்டும் உண்மையானது. 1999இலேயே நடிகர் சங்கமும் இயக்குநர் சங்கமும் சேர்ந்து, வெளிநாட்டுக்கு ஓடிப்போகும் தயாரிப்புகள் பற்றி அறிக்கை தயாரிக்க வைத்தன. எங்களுக்கு வந்த வேலை அங்கே ஒருவருக்குப் போகாத வேலை என்பதை மறக்கக் கூடாது.

எங்கள் வீதியில் படப்பிடிப்பு என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

தூக்கி எறியாமல் வாசியுங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கத்தில் கார் நிறுத்த முடியாது, இரவில் விளக்கு இருக்குமா, துப்பாக்கிச் சத்தம் போல் ஏதும் கேட்குமா என்பதெல்லாம் அதில் இருக்கும். போரைப் பார்த்து வந்த முதியவர்கள் வீட்டில் இருந்தால் வெடிச்சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இது எங்கள் வீடுகளில் சின்ன விஷயம் அல்ல.

கடிதத்தில், படப்பிடிப்பு இடத்துக்குப் பொறுப்பான லொக்கேஷன் மனேஜரின் தொலைபேசி எண் இருக்கும். கைக்குழந்தை, இரவு வேலை முடிந்து பகலில் தூங்குபவர், சக்கரநாற்காலி வண்டி வந்து போகவேண்டிய வீடு என்று எது இருந்தாலும் படப்பிடிப்புக்கு முன்னரே அழைத்துச் சொல்லுங்கள். கேட்பவர்களுக்கு ஏதாவது ஒழுங்கு செய்து கொடுப்பதும் அவருடைய வேலைதான். கடை வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர் வர முடியாமல் போகும் நாளுக்கு ஈடு கேட்கலாம். தொகையைப் படப்பிடிப்புக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். சரிவராவிட்டால் நகரசபையின் படத்துறை அலுவலகத்தை அழைக்கலாம், பெர்மிட் கொடுப்பது அவர்கள்தான்.

உங்கள் வீட்டையே கேட்டு வந்தால் ஒப்பந்தத்தை வடிவாக வாசியுங்கள். காப்புறுதிச் சான்று, சேதமானால் யார் திருத்துவது, ஒரு நாள் நீண்டால் எவ்வளவு, சுவருக்குப் பெயின்ட் அடித்தால் பழைய நிறத்துக்கு மாற்றித் தருவார்களா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். சாவியைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு அறையையும், சாமியறை உட்பட, தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். அவர்களும் எடுப்பார்கள், திருப்பித் தரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.